பெட்டியில் எல்சி

டெலிவிஷன் பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டார் இக்னேஷியஸ். மேலே இருந்த மாதா சொரூபம் குலுங்கியது. படம் வரவில்லை. திரை முழுக்க வெள்ளைப் பொரி கொதித்துக்கொண்டிருந்தது.

"அடிச்சா வந்துருமா? அது இன்னா உன் கிரேன் லீவரா?" என்றாள் மனைவி வியாகுலம்மாள்.

"நீ வாயை மூடு!"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் இக்னேஷியஸ். கீழே ஐம்பது பேர் கூச்சல் போட்டாலும் நிதானம் தவறாமல் மூட்டையை இறக்குவார். அந்த நிதானமெல்லாம் வேலையோடு சரி. வீட்டுக்கு வந்தால் வெடி.

அன்றைய வெடிக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். அன்று மாலை டெலிவிஷனில் ராயபுரம் கோயில் பாட்டுக் குழு பாடப்போகிறது. முன்வரிசையில் எல்சி.

எல்சி அவருடைய ஒரே மகள். போன மாதம் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று திருச்சி மடத்துக்குக் கிளம்பிவிட்டாள். "போறவ போ. இந்த வாசப்படிய மறந்துடு" என்று தெருவே கேட்கக் கத்தியவர், எழும்பூருக்குப் போய் ரயிலேற்றிவிடவில்லை. அவள் காலில் விழ வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி ஒரு வருஷத்துக்கு வீட்டார் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பது மடத்துச் சட்டம். ஊரை விட்டுப் போகும் முன் அவள் டெலிவிஷன் நிலையத்துக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்த அந்த ஒரு பாட்டுத்தான் பாக்கி. அதில்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "நியூஸ் பாக்கணும்" என்றார்.

ரேடியோக் கடை மாரியப்பன் வந்தான். பெட்டியின் முதுகைத் திறந்தான். ஊதினான். தட்டினான்.

"வால்வு வீக்கா கீது மாமு. கடைக்கு எடுத்துகினு போணும்."

"எப்ப வரும்?"

"திங்கக்கெழம வாங்கிக்க."

"திங்கக்கெழமையா? நல்ல வால்வக் கழட்டிட்டு ஒடஞ்சத மாட்டித் தருவ. என் மச்சான் வூட்டு ரேடியோல நீ இன்னா பண்ணினேன்னு தெரியாதா?"

"யாரப் பாத்து இன்னா சொல்ற?"

"உன்னப் பாத்துதான்டா! எறங்கு வெளிய!"

மாரியப்பனின் திருப்புளி அவனுக்கு முன்னால் தெருவில் போய் விழுந்தது.

"புதுசு வாங்கிடறேன்" என்றார் இக்னேஷியஸ், மூச்சு வாங்க.

"வேணாய்யா. இது பெரிய பெட்டி. புள்ள மூஞ்சி பெருசாத் தெரியும். இன்னொரு ஆளக் கூட்டியாந்து பாக்கலாம்."

"யார் மூஞ்சியயும் நான் பாக்க வேணாம். நியூஸ்தான் பாக்கணும்!"

வியாகுலம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பாரிமுனைக் கடையில் பழைய மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கூடு. திரை சாப்பாட்டுத் தட்டு அகலம். அதையும் மாதா சொரூபத்துக்குக் கீழேயே வைத்தார்.

ஈஸ்டர் மாலை. தெருவில் பாதி அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இக்னேஷியஸ் பட்டனைத் திருகினார்.

பொரி. அதே வெள்ளைப் பொரி.

"இன்னாண்ணே, புதுப்பெட்டி பழைய படத்தையே காட்டுது?" என்றாள் சொக்கம்மாள்.

கூடம் சிரித்தது. பொரிக்குள்ளிருந்து அறிவிப்பாளரின் குரல் மட்டும் கரகரத்தது: "...அடுத்து, ராயபுரம் பாட்டுக் குழுவினர் வழங்கும்..."

இக்னேஷியஸின் கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி மாறியாயிற்று. மாறாதது ஒன்றுதான். ஒரே பாய்ச்சலில் மாடிப்படியில் ஏறினார். பின்னாலேயே வியாகுலம்மாள் ஓடினாள்.

மொட்டை மாடியில் ஆன்டெனா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் ஒவ்வொரு அலுமினியக் குழாயிலும், வால் கட்டி, வரிசையாக, பிளந்து உப்புத் தடவிய வஞ்சிரம் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, ஒயர் முடுக்கிய இடம் பச்சையாய்க் களிம்பேறியிருந்தது.

"யார்டீ இத இங்க மாட்டினது?"

"நான்தான்! கொடில போட்டா சொக்கம்மா வூட்டுப் பூனை தூக்கினு பூடுது. இது ஒசரமா கீது. துருவும் புடிக்காது."

"மீன் காயவைக்கவாடி இத நட்டு வச்சேன்? மாரியப்பன வாய்க்கு வந்தபடி பேசினேன். பெட்டியக் குடுத்துட்டேன். எல்லாம் உன் கருவாட்டுக்கு!"

"என் கருவாடா? திருச்சிக்கு அனுப்பறதுக்குய்யா! மடத்துல பத்தியச் சாப்பாடாம். நீதான் அந்தப் புள்ளய அனாதையாட்டம் அனுப்பின. நானாவது ஒண்ணு அனுப்பக் கூடாதா?"

அவரால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. இரண்டு கையாலும் மீன்களைப் பிடித்து இழுத்தார். அறுத்தார். எறிந்தார். கடைசி மீனோடு ஒயரும் பிய்ந்து கையோடு வந்தது.

கீழே கூடம் அலறியது. "சத்தமும் போச்சுண்ணே!"

இக்னேஷியஸ் குனிந்து தேடினார். முடுக்கும் ஆணி எங்கோ தெறித்துவிட்டிருந்தது. ஒயர் முனையைச் சட்டையில் துடைத்து, களிம்பை நகத்தால் சுரண்டி, குழாயோடு வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

"வந்துச்சு!" கீழே ஒரே கூச்சல். "கண்ணாடியாட்டம் கீதுண்ணே! எல்சி! எல்சிண்ணே! எறங்கி வா சீக்கிரம்!"

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். விரல் நழுவியது.

"போச்சு! போச்சு!"

திரும்ப அழுத்தினார்.

"குடுய்யா இங்க" என்று வியாகுலம்மாள் கையை நீட்டினாள். "நான் புடிச்சிக்கிறேன். நீ ஓடிப் போய்ப் பாரு. நீதான மூஞ்சி பாக்காத அனுப்பினவன்."

"கை மாத்துறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும்."

"முடியாதுய்யா, குடு."

"சொன்னா கேக்க மாட்டியா நீ? எறங்குடீ! நின்னுகினு நியாயம் பேசாத! போய்ப் பாரு, போ!"

அவர் போட்ட சத்தத்தில் அவள் வெறுங்கால் தடதடக்கப் படியிறங்கி ஓடினாள்.

இக்னேஷியஸ் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு நின்றார். கருவாட்டு வாடை முகத்தில் அப்பியது. உப்பு, விரல் வெடிப்பில் இறங்கி எரிந்தது. அசையவில்லை. கீழே ஜன்னல் வழியாகப் பாட்டு ஏறி வந்தது. பத்துப் பதினைந்து குரல்கள். அதில் எது எல்சி என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினார்.

"யோவ்!" வியாகுலம்மாள் கீழேயிருந்து அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "என் ஜிமிக்கியப் போட்டுகினு கீறாய்யா! நேரா நம்மளயே பாக்குறாய்யா!"

"கத்தாதடி, சனியனே!" என்று மேலிருந்து கர்ஜித்தார் இக்னேஷியஸ். "பாட்டு கேக்கல!"