பாயின் ஸ்கூட்டரும் பலவேசத்தின் காலும்

தென்காசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஆறுமுகநயினார் எதிரே வந்தால் பாதிப் பேர் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். நல்ல நாளும் அதுவுமாக வந்து நின்று, 'நாளைக்கு உமக்கு ஒண்ணு ஆயிட்டா' என்று ஆரம்பிக்கிற மனுசனை யார் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்? அவருக்கு அது பழகிப்போயிருந்தது. கோபமும் பழகிப்போயிருந்தது. அவர் கோபப்படாமல் பேசியதை அவர் வீட்டுக்காரி கல்யாணத்தன்றைக்குப் பார்த்ததோடு சரி.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜவுளிக்கடை ஒலி முகம்மது ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். பணத்தைக் கட்டிப் பதிந்துவைத்து, வருசக்கணக்கில் காத்திருந்து வந்த வண்டி. கடைத்தெருவே கூடி நின்று அதைத் தடவிப் பார்த்தது. நயினார் வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பாயின் கையைப் பிடித்தார்.

"லைசென்ஸ் இருக்கா? ஆர்.சி. புத்தகம்? ரோட்டு வரி கட்டின வில்லை? இன்சூரன்ஸ்?"

"ஓட்டத் தெரிஞ்சாப் போதாதா வேய்?" என்றார் பாய்.

போதாது. முன்னும் பின்னும் 'எல்' எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு, தடித்த மூக்குக்கண்ணாடியோடு பாய் பொட்டல்வெளியில் பழகினார். திருநெல்வேலியிலிருந்து வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டு போடச் சொன்னார். முதல் தடவை எட்டு முட்டையாகிவிட்டது. அடுத்த தடவை ஒருமாதிரி எட்டு போலத் தெரிந்ததால் லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் இன்சூரன்ஸ் என்றதும் பாய் முரண்டு பிடித்தார்.

"அது சூதாட்டம் மாதிரின்னு எங்க பள்ளிவாசல் அஸ்ரத்து சொல்லுதாரு. அந்தக் காசு எனக்கு வேண்டாம்."

நயினார் தலையில் அடித்துக்கொண்டார். "காசு உமக்குன்னு யாரு சொன்னா? உம்ம வண்டி யாரை இடிக்குதோ அவனுக்கு. அவன் ஆஸ்பத்திரிச் செலவையும் அவன் பொழப்புக் கெட்டதையும் கம்பெனி பார்க்கும். அதைக் கட்டாம ரோட்டுல ஏறக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. உம்ம வண்டி ஒடைஞ்சாலும், உம்ம தலை ஒடைஞ்சாலும் உமக்குச் சல்லி கிடையாது. போதுமா?"

தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் பாய் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். இப்படி ஒரு காரணத்துக்காக இன்சூரன்ஸ் எடுத்த ஆளை நயினார் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த ஆடியில் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. சாரல் நிற்கவே இல்லை. பாய் வாரம் தவறாமல் ஸ்கூட்டரில் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார். அவருக்குத் தேய்த்துவிடுகிறவன் பலவேசம். மேலகரத்துக்காரன். பேரருவிக்குப் போகிற வழியில் அவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு குத்தவைத்திருப்பான். அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் பக்கத்திலேயே சாக்கை விரித்துச் சீயக்காய்ப் பொடி விற்பாள். பாயின் முதுகைப் பலவேசத்தின் கை அறிந்த அளவுக்குப் பாயின் மனைவி சைதூன் பீவியும் அறியமாட்டாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஒரு சாயங்காலம், குளித்து முடித்துத் திரும்பும்போது, பாயின் ஸ்கூட்டர் பலவேசத்தையே இடித்துவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பாய் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவனைக் குழந்தையைப் போலத் தூக்கிக் குதிரை வண்டியில் ஏற்றி, மடியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஏட்டு வந்தார். "நான்தான் இடிச்சேன்" என்றார் பாய்.

கட்டிலில் கிடந்த பலவேசம் தலையைத் தூக்கினான். "யாரும் இடிக்கலை ஏட்டையா. எண்ணெய்க் காலோட நடந்தேன், வழுக்கிட்டு."

ஏட்டு இருவரையும் பார்த்தார். "அடிபட்டவனே இல்லைங்கான். உமக்கு என்ன வேய் வந்துச்சு? வீட்டுக்குப் போம்" என்று பாயை அனுப்பிவிட்டார். வழுக்கி விழுந்ததாகவே எழுதியும் கொண்டார். குற்றாலத்தில் வழுக்கி விழுகிறவர்களுக்கா பஞ்சம்?

விசயம் நயினார் காதுக்கு எட்டியபோது அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருசமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியும் ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது ஒரு காலைக் காப்பாற்ற இன்சூரன்ஸ் தயாராக நிற்கிறது, இந்தப் பயல் அந்தக் காலையே மறைக்கிறான். அந்தக் காலோ சரியாகக் கூடவில்லை, கோணலாகக் கூடியிருந்தது. பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் போய் மறுபடி உடைத்துச் சேர்த்தால்தான் குத்தவைத்து எழுந்திருக்க முடியும், தள்ளிப்போட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். குத்தவைக்க முடியாதவன் எண்ணெய் தேய்க்க முடியாது. வேறு தொழில் பலவேசத்துக்குத் தெரியாது.

நயினார் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேலகரம் போனார்.

"ஏலே பலவேசம், நெசத்தைச் சொல்லுலே. இடிச்சுதுன்னு சொன்னா கம்பெனி உனக்குக் கொடுக்கும். சட்டத்தை உனக்காகத்தாம்லே எழுதி வச்சிருக்கான்."

"அண்ணாச்சி, எண்ணெய் வச்ச தலைக்கு எதிரா நாங்க பேசமாட்டோம். எங்க அப்பன் காலத்துலேருந்து அப்படி. ஒருத்தர் தலையில கையை வச்சிட்டா, அவரைப் பத்தி ஒரு வார்த்தை வெளியில போகக்கூடாது. எத்தனை வக்கீலு, எத்தனை ஜமீன் வீட்டு ஆளுக எங்க கையில கண்ணை மூடிட்டுப் படுத்துக் கிடந்திருக்காங்க. இன்னைக்கு நான் பாயைப் போலீசுல காட்டிக்கொடுத்தா, நாளைக்கு எவன் எனக்கு முதுகைக் காட்டுவான்?"

"காலு இல்லாட்டி நீ எவன் முதுகைலே தேய்ப்பே?"

பேச்சித்தாய் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். நயினார் காப்பியைக் குடித்துவிட்டு, வாயைச் சுட்டுக்கொண்ட கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனார்.

பாயும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் செலவை நானே தருகிறேன் என்று நேரில் போய்க் கெஞ்சியிருக்கிறார். பலவேசம் வாங்கவில்லை. "வாங்கினா, பொய் சொன்னதுக்குக் கூலி வாங்கின மாதிரி ஆயிரும் மொதலாளி" என்று கையைக் கூப்பிவிட்டானாம். பாய் சொல்லச் சொல்ல அழுதுவிட்டார்.

"அழாதேயும் வேய், எரிச்சலா வருது" என்றார் நயினார். பாயின் மேல் அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதைவிட இரண்டு அயோக்கியர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியது. அயோக்கியன் என்றால் ஆதாயத்தைக் காட்டி வழிக்குக் கொண்டுவரலாம். இவர்களை எதைக் காட்டிக் கொண்டுவருவது?

ஆனாலும் விடவில்லை. கம்பெனிக்கு எழுதிப்போட்டார். மேலகரத்துக்கும் கடைத்தெருவுக்குமாக நடையாய் நடந்தார். கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் சுக்குக் காப்பி வந்தது, ஒவ்வொரு தடவையும் பலவேசம் மாட்டேன் என்றான். கடைசியில் பாயையே கூட்டிக்கொண்டு போனார். பாய் பலவேசத்தின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "நான் கேட்டுக்கிடுதேன் பலவேசம். உண்மையைச் சொல்லு. எனக்குத் தூக்கம் வரலை" என்றார். எண்ணெய் வைத்த தலையே கேட்கும்போது அவன் என்ன செய்வான்? "இடிச்சுதுன்னு சொல்லுதேன்" என்று ஒத்துக்கொண்டான். நயினாருக்கு அன்றைக்குத்தான் மேலகரத்துச் சாரல் குளிர்ச்சியாக இருந்தது.

மதுரையிலிருந்து விசாரிக்க வந்த ஆபீசர் பெயர் பால்வண்ணநாதன். மூக்குக்கண்ணாடிக்காரர், நிதானமான ஆள். பலவேசத்தின் வீட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஸ்கூட்டர் உம்மை இடித்ததா?"

"இடிச்சது வாஸ்தவம்தான் சார்" என்றான் பலவேசம்.

நயினார் மூச்சை விட்டார்.

"ஆனா தப்பு எம்மேல. பாய் ஓரமா, மெதுவாத்தான் வந்தாரு. நாந்தான் குடிச்சிட்டு நடுரோட்டுல போய் விழுந்தேன்."

நயினாருக்குக் கண் இருட்டியது. வாழ்நாளில் சாராய வாடையே அறியாத பயல். "ஏலே, மதுவிலக்கு அமல்ல இருக்குலே. காலோட போறது போதாதுன்னு ஜெயிலுக்கும் போகணுமா?"

ஆபீசர் கையைக் காட்டி அவரை அடக்கினார். "பாதசாரி மேல்தான் தவறு என்றால் கம்பெனி கொடுக்கவேண்டியது எதுவும் இல்லை."

பாய் பதறிப்போய் முன்னால் வந்தார். "அவன் பொய் சொல்லுதான் சார். குடிக்கவே மாட்டான். நான்தான் வேகமா வந்தேன். ரோடு ஈரம், பிரேக் பிடிக்கலை. முழுத்தப்பும் என்னுது."

"மெதுவாத்தான் வந்தீங்க மொதலாளி" என்றான் பலவேசம்.

"வேகமாத்தான் வந்தேன்."

"எனக்குத் தெரியாதா? மெதுவாத்தான்."

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா ஊரிலும் ஆளுக்கு ஆள் எதிராளி மேல் பழி போடுவார்கள், அதைப் பிரித்து உண்மையை எடுக்க எனக்குத் தெரியும். இந்த ஊரில் ஆளுக்கு ஆள் தன்மேல் போட்டுக்கொள்கிறீர்கள். இதை இப்படியே எழுதினால், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் மேலே நினைப்பார்கள். மூன்றாவதாக, பார்த்தவர் யாராவது உண்டா?"

"யாரும் இல்லை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். விபத்து நடந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

ஆபீசர் பேனாவை மூடினார். நயினார் சுவரில் சாய்ந்துகொண்டார். சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரியும் கொடுத்துவிட்டான், வாங்குகிறவன் கையை நீட்டமாட்டேன் என்கிறான். இதற்கு மேல் ஒரு மனுசன் என்னதான் செய்வது என்று அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"நான் பாத்தேன்."

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. பேச்சித்தாய் காப்பி டம்ளர்களைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நீ சும்மா இரு" என்றான் பலவேசம்.

அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். "இவுக ரோட்டுக்கு ஓரமா, மண்ணுல நடந்து வந்தாக. நான் ரெண்டடி தள்ளிப் பொடி மூட்டையோட வந்தேன். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன், பாய் வந்தாரு. சாரல் அடிச்சு அவரு மூக்குக்கண்ணாடியெல்லாம் தண்ணி. ஒரு கையால வண்டியைப் பிடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால கண்ணாடியைக் கழத்தித் துண்டுல தொடைச்சாரு. கண்ணாடி இல்லாட்டி அவருக்குப் பக்கத்துல இருக்க ஆனையே தெரியாது. வண்டி நேரா மண்ணுக்கு இறங்கி இவுக மேல ஏறிட்டு. வேகமும் இல்லை, பிரேக்கும் கெடலை. பிரேக்கை அவரு பிடிக்கவே இல்லை."

ஆபீசர் பாயைப் பார்த்தார். முழுத்தப்பும் என்னுது என்று அத்தனை தாராளமாகச் சொன்ன பாய், இந்தத் தப்பை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாஸ்தவம்தான் சார்" என்றார்.

பலவேசம் கட்டிலில் பாதி எழுந்துவிட்டான். "எண்ணெய் வச்ச தலைக்கு எதிரா இந்த வீட்டுலேருந்து ஒரு பேச்சு வெளிய போகக்கூடாதுட்டி."

"நான் யாரு தலைக்கும் எண்ணெய் வைக்கலையே" என்றாள் அவள். "பொடி வித்தேன். பொடி வாங்கினவுகளைப் பத்திப் பேசக்கூடாதுன்னு எங்க அம்மா ஒண்ணும் சொல்லித் தரலை."

ஆபீசர் பேனாவைத் திரும்பத் திறந்தார். எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டினார். அவள் கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தமாகக் கைநாட்டு வைத்தாள். பலவேசம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாசலில் நயினார் அவளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் மொத்தமாக மேலே வந்தது. "ஏம்மா, இத்தனை நாளு நாயா அலைஞ்சேனே, இதை முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"ஏட்டையா அவுகளைக் கேட்டாரு. பாயைக் கேட்டாரு. நீங்களும் வந்து வந்து அவுகளைத்தான் கேட்டிய" என்றாள் பேச்சித்தாய். "எங்கிட்ட யாரு அண்ணாச்சி கேட்டா? இன்னைக்கு அந்த சார்தான் பார்த்தவுக யாருன்னு கேட்டாரு, சொன்னேன்."

நயினார் அவள் கையால் எத்தனை சுக்குக் காப்பி குடித்திருப்பார், அவளும் அந்த ரோட்டில்தானே நடந்து வந்திருப்பாள் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? வெட்கமாக இருந்தது. சைக்கிளை எடுக்கப் போனவர் பூட்டைத் திறக்க மறந்து இழுத்தார்.

கம்பெனி கொடுத்தது. பாய் கோர்ட்டில் போய்த் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். கட்டியபின் அவருக்குத் தூக்கம் வந்தது. பலவேசத்தைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிற அன்று பாயே வாடகைக் கார் பிடித்து வந்தார். பின் சீட்டில் பலவேசம் காலை நீட்டிக்கொள்ள, இருவரும் சின்ன வயசுச் சிநேகிதர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். வழியனுப்ப வந்த நயினாரைப் பார்த்துப் பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேச்சித்தாயிடமும் அவன் கைநாட்டு வைத்த நாளிலிருந்து பேசவில்லை.

நயினாருக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. "நன்றி கெட்ட பய. உங்கிட்டயும் இப்படியே இருக்கானேம்மா, எப்படிப் பொறுத்துக்கிடுதே?"

பேச்சித்தாய் துணிமூட்டையைக் காருக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புருசனின் கட்டுப்போட்ட காலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து ஏறினாள்.

"பேசாட்டி இருக்கட்டும் அண்ணாச்சி. நடந்து வந்து பேசாம இருக்கட்டும்."