இடைவேளையைக் காட்டும் பேக்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் பொறுமை எனக்குக் கிடையாது.

காஞ்சிபுரத்தில் ஒரு கேபிள் ஆபீஸில் கவுன்ட்டரில் உட்காருகிறேன். டிவி கனெக்‌ஷன், இன்டர்நெட், எந்தச் சேனல் எந்த பேக்கில் வரும், எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். ஒரு மத்தியானம் நிக்கத் அக்கா வந்தார்.

"சுகா, ஐஸ் மேல ஆடுவாங்களே ஹாக்கி, அது எந்த பேக்ல வரும்?"

நான் பள்ளிக்கூடத்தில் லெஃப்ட் விங் ஆடியவள். ஹாக்கி என்று யாராவது சொன்னால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். மண்ணில் ஆடினால் என்ன, ஐஸில் ஆடினால் என்ன. கோல் கீப்பர் எப்படி நிற்பார், சண்டை போட்டவரை எந்தப் பெட்டிக்குள் உட்காரவைப்பார்கள் என்று நிறுத்தாமல் பேசினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆட்டம் வேணாம்பா. நடுவுல இடைவேளை விடுவாங்கல்ல, அது வரணும்."

கதை அந்த இடத்தில் பிறந்தது. (இதையே முதல் வரியாக வைத்திருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது. இருக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன்.

"தறிச் சத்தம் ஓய்ந்த அந்தத் தெருவில், நிக்கத்தின் வீட்டு வாசலில்"

நிறுத்திவிட்டேன். காஞ்சிபுரத்துக் கதை என்றால் தறி கேட்க வேண்டும் என்று யாரோ காதில் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். நிக்கத் அக்கா வீட்டில் தறி கிடையாது. மாமனார் ஹபீபுல்லாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் இந்தக் கதைக்குள் வரமாட்டார். கடையை விட்டே வரமாட்டார்.

"கனடாவில் பனி பெய்துகொண்டிருந்தது. தன்வீர் தன் கையுறையை"

கனடாவை நான் பார்த்ததில்லை. கையுறையை அவர் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நிக்கத் பாவப்பட்ட பெண்."

இதை அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். "யாரு பாவப்பட்ட? நானா? எட்டாங்கிளாஸ் பசங்கள கேட்டுப் பாரு, யாரு பாவம்னு சொல்லுவாங்க." அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். நிக்கத் அக்கா ஐயம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். போன வருஷம் தன்வீரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மாதம் கூட இருந்துவிட்டுத் தன்வீர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஒரு ஹாக்கி அரங்கத்தில் அவருக்கு வேலை. ஆட்டம் ஆட ஆட ஐஸ் கீறலாகிவிடும். இடைவேளையில் ஒரு வண்டி வந்து மேலாகச் சீவி, தண்ணீர் விட்டு, திரும்ப வழவழப்பாக்கிவிட்டுப் போகும். அந்த வண்டியை ஓட்டுகிறவர் தன்வீர். அக்காவுக்கு விசா வந்துவிட்டது. பொங்கல் லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டும்: இருக்கிறாரா, வேலையை விட்டுப் போகிறாரா.

3

"அதான் தெனம் வீடியோ கால்ல பாக்கறீங்களேக்கா" என்றேன்.

"பாக்கறேன். போன எடுக்கும்போதே சிரிச்சுக்கினுதான் எடுப்பாரு. நல்லாருக்கேன், குளிர் பழகிடுச்சு, வா வான்றாரு. நானும் சிரிச்சுக்கினே பேசறேன்."

"அப்புறம் என்னக்கா?"

"கூட இருந்தது ஒரு மாசம், சுகா. அந்த மாசம் பூரா விருந்து. நான் எப்ப திரும்பினாலும் அவரு என்னயே பாத்துக்கினு இருந்தாரு."

"அது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா நான் பாக்கறது தெரியாதப்ப அவரு எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. அங்க நல்லாருக்காரா, இல்ல எனக்காக நல்லாருக்காரா? அத ஒரு வாட்டி பாத்துட்டா போதும். போறதா இல்லயான்னு நானே சொல்லிடுவேன்."

(இந்த இடத்தில் 'அவள் கண்களில் ஒரு துளி' என்று எழுதினேன். துளியெல்லாம் இல்லை. என் பேனாவை எடுத்துக் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.)

4

எங்கள் ஆபீஸ் முதலாளி முத்துக்குமார் அண்ணனிடம் கேட்டேன். அவர் ரசீது கிழித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"இடைவேளைக்கு பேக்கா? ஏம்மா, விளம்பரம் வந்தா ஜனங்க ரிமோட்டத் தேடறாங்க. இவங்க விளம்பர நேரத்துக்குக் காசு கட்டறேன்றாங்களா?"

"ஆமாண்ணே."

"கல்யாணத்துக்கு வந்து பந்தல மட்டும் பாத்துட்டுப் போற மாதிரி இருக்குது. சரி, ஸ்போர்ட்ஸ் பேக் போட்டுவிடு."

போட்டுவிட்டேன். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமியார் நசீம் பானு தொழுகையை முடித்துவிட்டு டீயோடு வந்து உட்கார்ந்தார். முதல் பகுதி முடிந்து ஹாரன் அடித்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். வண்டி வரவேண்டிய நேரத்தில் குக்கர் வந்தது. அப்புறம் நகைக்கடை. அப்புறம் மறுபடி குக்கர்.

"எங்கேம்மா எம்புள்ள?" என்றார் பானும்மா.

அடுத்து ஒரு ஆப் போட்டுப் பார்த்தோம். அதில் விளம்பரம் குறைவு. அதற்குப் பதில் கோட்டு போட்ட நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள்.

"இவங்கள்ல யாரு ஐஸ் தேய்க்கறவங்க?"

"யாரும் இல்ல, பானும்மா."

"வேல செய்யறவன விட்டுட்டு பேசறவங்களக் காட்டறான் பாரு."

(ஒரு விஷயம். முதல் வரைவில் பானும்மாவை வில்லியாக எழுதியிருந்தேன். மருமகளைக் கனடாவுக்கு அனுப்பமாட்டேன் என்று கத்துகிற மாமியார். கதைக்குச் சண்டை வேண்டும் என்று நினைத்தேன். அக்கா படித்துவிட்டு, "எங்க மாமிய ஏன் இப்படி எழுதின? அன்னிக்கு உனக்கு டீக்கு பொறை பிஸ்கட் வெச்சுக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். அந்த நாலு பக்கமும் போய்விட்டது.)

கடைசியில் கிடைத்தது, அந்த லீக்கே வெளியூர் ரசிகர்களுக்காக நடத்துகிற பேக். அதில் விளம்பரம் கிடையாது. விளம்பரம் வருகிற நேரத்தில் கேமராவை அரங்கத்தின் மேல் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு விதி. அந்த அணி எந்த ஊரில் ஆடுகிறதோ, அந்த ஊரில் இருப்பவர்களுக்கு இந்த பேக் வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மறைக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டும்.

விதியை வாசித்துக் காட்டினேன். அக்கா, "நாம தூரம்தானே, போடு" என்றார்.

5

லேப்டாப்பை டிவியில் மாட்டினேன். ஹாரன் அடித்தது. அரங்கம் காலியானது. கமென்ட்ரி நின்று வெறும் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஓரத்தில் ஒரு கதவு திறந்து வண்டி வந்தது. அதன் மேலே ஒரு ஆள். முகம் என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது.

நிக்கத் அக்கா சோபாவிலிருந்து இறங்கி டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

தன்வீர் சிரிக்கவில்லை. சோகமாகவும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தைத் திருப்பி, பின்னால் விட்டுவந்த ஈரப்பட்டையைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஊசியில் நூல் கோர்க்கிறவர்களுக்குத் திறந்திருக்குமே, அப்படி. கீறல் விழுந்த வெள்ளை உள்ளே போய், கண்ணாடியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"மாபெரும் வெண்மையின் நடுவே தனிமையில்" என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்தது. வண்டியைக் கதவுக்குள் விட்டு இறங்கினார். உள்ளே போகவில்லை. வாசலில் நின்று மொத்த ஐஸையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வலது ஷூவை இடது கால் பேன்ட்டின் பின்பக்கத்தில் தேய்த்தார். அப்புறம் இடது ஷூவை வலது பக்கம். கதவு மூடியது.

"இத நான் பாத்திருக்கேன்" என்றார் அக்கா.

"எப்பக்கா?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு. ஜன்னல் வழியா பாத்தேன். உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னுக்கினு இதே மாதிரி தேய்ச்சாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியாது." திரையில் மூடிய கதவைப் பார்த்தார். "அன்னிக்கு பயத்துல செஞ்சாரா, சந்தோஷத்துல செஞ்சாரா? அது தெரிஞ்சா இது தெரிஞ்சிடும்."

இருவரும் பானும்மாவைப் பார்த்தோம்.

"பரீட்சைக்குப் போகும்போதும் தேய்ப்பான். பிரியாணி சாப்ட்டு எழுந்தாலும் தேய்ப்பான். அந்தப் பேன்ட்ட தொவைச்சவ நான். எனக்கே தெரியல." டீ கிளாஸை வைத்துவிட்டு டிவியையே பார்த்தார். "கழுத்துல மஃப்ளர் இல்ல, பாத்தீங்களா?"

6

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன். விட்டால் கதை அழகாக இருக்கும். அக்கா தினம் விடியற்காலையில் தன்வீரைப் பார்ப்பார், தன்வீருக்குத் தெரியாது, இப்படியே போகும். ஆனால் மகனின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்ட ஒரு அம்மாவின் வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வீடியோ காலில் பானும்மா போனை வாங்கினார். நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதை எழுதுகிறேன்.

"ஏன்டா, பச்சை மஃப்ளர் குடுத்தனுப்பினேனே, போடறியா?"

"போட்டுக்கினுதாம்மா வேலைக்குப் போறேன்."

"பொய் சொல்லாத. நேத்து வண்டி மேல வெறுங்கழுத்தோட சுத்தினியே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க பாத்தீங்களா? எப்படிம்மா? நிக்கத்தும் பாத்தாளா?"

போன் கைமாறியது.

"ம், பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஐஸா? வழவழன்னு இருந்துச்சு" என்றார் அக்கா.

7

அடுத்த ஆட்டத்தில் பச்சை மஃப்ளர் வந்தது. புது மாப்பிள்ளை மாலை மாதிரி கழுத்து நிறைய. தன்வீர் கேமரா எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வீடியோ காலில் வருகிற அதே சிரிப்பு.

"போச்சு" என்றார் அக்கா.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்கான்" என்றார் பானும்மா.

கேமராவைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் பின்னால் பார்க்க மறந்துவிட்டார். எல்லாம் பளபளத்துக்கொண்டிருக்க, நட்ட நடுவில் ஒரு பட்டை மட்டும் கீறலோடு வெள்ளையாக நின்றது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார். அப்புறம் அரங்கமே கைதட்டிக் கத்தியது. தன்வீர் திரும்பிப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டியரிங் மேல் சாய்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். கேமரா, மஃப்ளர், காஞ்சிபுரம் எல்லாம் மறந்துபோன சிரிப்பு. வண்டியைத் திருப்பி அந்தப் பட்டையைத் துடைத்தபோது கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தார். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஊரே சிரிக்குது எம்புள்ளய, நீயுமாடி?"

"மாமி, நான் பாத்தா அவரு வேலைய ஒழுங்கா செய்யமாட்டாரு போல."

8

பேக் முடிகிற நாள் வந்தது. அக்கா வீட்டில் லேப்டாப் திரையில் இரண்டு பட்டன். ஒன்று, நிறுத்து. இன்னொன்று, சீசன் முடியும் வரை தொடரு. பள்ளிக்கூடத்தில் மறுநாள் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு இந்த பேக் வேல செய்யாதுல்ல, சுகா?"

"செய்யாதுக்கா. அங்க இருக்கறவங்க நேர்லதான் போய்ப் பாக்கணும்."

"ம்."

நான் மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். முதல் முடிவில் அக்கா பேக்கைத் தொடர்கிறார். பசங்களுக்குப் பாடம், விடியற்காலையில் தன்வீர். இந்த முடிவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், எனக்கு ஓசி ஹாக்கியும் பானும்மாவின் டீயும் கிடைக்கும். இரண்டாவதில் அக்கா போய்விடுகிறார். அரங்கத்தில் டிக்கெட் எடுத்து உட்காருகிறார், தன்வீர் தினமும் ஒரு பட்டையை விட்டுவிடுகிறார், வேலை போய்விடுகிறது. மூன்றாவதில் தன்வீர் இங்கே திரும்பி வருகிறார். அதை அரைப்பக்கத்தில் விட்டுவிட்டேன். இங்கே ஐஸ் இருப்பது பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் மட்டும்தான்.

அக்கா மூன்றையும் படித்தார். மவுஸைப் பிடித்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆமாம், முடிவை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், ஒரு கை தூரத்தில்தான் இருந்தேன். ஆனால் இந்தக் கதை முழுக்க அந்த மனுஷியை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நாங்கள் பார்ப்பது தெரியாத ஒரு நிமிஷம் தன்வீருக்கு ஒருமுறை கிடைத்தது. அக்காவுக்கும் ஒன்று வேண்டும். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஐயம்பேட்டைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் மவுஸ் ஒருமுறை கிளிக் ஆனது. சமையலறையிலிருந்து பானும்மா, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

கொலுசு உரசும் சத்தம் கேட்டது. ஒரு கால் இன்னொரு காலின் பின்பக்கத்தில் தேய்கிற மாதிரி. ஒரு தடவை. அப்புறம் அடுத்த கால்.

நான் திரும்பவில்லை.