குலுக்கி அளந்த மாவு

சிவசம்பு முப்பது வருடம் நிறுவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் தலையைக் கண்டால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்கள் கள்ள எடைக்கற்களை ஒளித்துவைப்பார்கள். ஓய்வு பெற்றபின் பிடிக்க ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், மகள் மார்க்கிரட் சுபாங் ஜெயாவிலிருந்து போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமியார் கிள்ளானிலிருந்து வருகிறாராம். ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணுக்கு அடுப்படி தெரியுமா என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்ட மனுஷி அவர். அந்த வாயை அடைக்க அம்மாவின் பட்டர் கேக்கைச் செய்து வைக்க வேண்டும். அம்மாவின் கணக்கோ காலிப் பால்டின்னால் அளந்து மாவு மூன்று டின். மார்க்கிரட்டிடம் பால்டின் இல்லை, புதுத் தராசுதான் இருந்தது. கிராமில் எவ்வளவு என்று கேட்டாள்.

மனைவி நேசம்மா சாமான் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் நிறை விஷயத்தில் சிவசம்பு யாருக்காகவும் பொறுத்தவரில்லை. டின்னில் மாவை அள்ளினார், குலுக்கினார், மேசையில் நாலு தட்டுத் தட்டினார், இறங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி இன்னும் போட்டார். பெற்ற பிள்ளைக்குக் குறையளவு கொடுக்க மனம் வருமா? மூன்று முறை நிறுத்தார். மூன்று முறையும் இருநூற்றுப் பத்து கிராம்.

"மொத்தம் அறுநூற்று முப்பது, பிள்ளை. ஒரு கிராம் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

நேசம்மா மாவைச் சலித்து, கரண்டியால் பூப்போலத் தூவித்தான் டின்னை நிரப்புவாள். அது நூற்றைம்பதைத் தாண்டாது. கேக்கைத் தட்டில் மட்டுமே பார்த்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

ஞாயிறு மாலை சுபாங் ஜெயா வீட்டில், இரு பக்கத்துப் பெற்றோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, மார்க்கிரட் கேக்கை வெட்டினாள். கத்தி பாதியில் நின்றது. ஒரு துண்டை வாயில் போட்ட நேசம்மா புருஷன் பக்கம் சாய்ந்து, மாவை அமுக்கினீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். சிவசம்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சம்பந்தியம்மாள் மென்றார், தேநீர் குடித்தார், மறுபடி மென்றார். பிறகு, "ஆபீஸ் வேலை வேற, அடுப்பு வேலை வேறதான்" என்று ஆரம்பித்தார். மார்க்கிரட்டின் கண்ணில் நீர் கட்டியது. கையும் களவுமாகப் பிடிபட்ட கடைக்காரன் முகம் எப்படியிருக்கும் என்று சிவசம்புவுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அந்த முகம் அவருக்கு வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். மகளைப் பார்த்தபோது அது முடியவில்லை.

"பிள்ளையைச் சொல்லாதீங்க. மாவை அமுக்கி அளந்தது நான். பிழை என்னோடது."

அந்த அம்மாளின் கணவர் வல்லிபுரம் அதற்குள் மூன்றாவது துண்டைத் தேநீரில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன பிழை லா? அப்படியே நம்ம வீட்டுக் கேக்குதானே. கல்யாணமான நாள்லேருந்து நான் இதத்தானே சாப்பிடுறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை, பாராட்டினார். அதுதான் வினை. மேசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாள் மார்க்கிரட்டைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டுத் தேநீரை எடுத்தார்.

புறப்படும்போது அவர் செருப்பு மாட்டுவதுபோல் பின்தங்கினார். சிவசம்புவின் பக்கம் வந்து, மாவு உண்மையில் எத்தனை கிராம் போட வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

இந்த முறை சிவசம்பு நேசம்மாவைக் கைகாட்டினார்.