பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் லைன் ஓடாது. பழுது பார்க்க அதுதான் தோது என்பதால் இசக்கியப்பனுக்கு ஞாயிறும் வேலை நாளாகிப் போனது. கூட வேலை பார்த்த மாரிராஜ் ஓசூரில் வேறு கம்பெனிக்குப் போன பிறகு அவன் ஒற்றையாள். சிங்கப்பெருமாள் கோவிலில் எடுத்திருந்த அறையிலும் அதே கதைதான். உடன் தங்கிய இருவருக்கும் இரவு ஷிப்ட். இவன் கிளம்பும்போது தூங்குவார்கள், திரும்பும்போது இருக்கமாட்டார்கள்.

லைனில் தகடு எடுத்துவைக்கும் ரோபோ ஒன்று ஒரு வாரமாகப் பாடாய்ப் படுத்தியது. தகட்டைக் கவ்வித் தூக்கும். பாதி வழியில் நின்றுவிடும். கவ்வியாயிற்று என்று சென்சார் சொல்ல வேண்டிய சிக்னல் வரவில்லை என்று திரையில் காட்டும். போய்ப் பார்த்தால் தகடு கெட்டியாகத்தான் பிடிபட்டிருக்கும். சென்சாரை மாற்றினான். கன்ட்ரோலர் பெட்டிக்குள் சிக்னல் வந்து சேரும் கார்டையும் மாற்றினான். மறுபடியும் நின்றது.

மிச்சம் கேபிள்தான். ரோபோவின் கை மடங்கும் இடத்தில் கேபிளும் மடங்குகிறது. உள்ளே கம்பி அறுந்தும் அறாமலும் இருக்கலாம். மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, ரோபோவைச் சுற்றிய கம்பி வேலிக்குள் போய்க் கேபிளை அங்குலம் அங்குலமாக வளைக்க வேண்டும். எந்த இடத்தில் வளைக்கும்போது கார்டின் பச்சை விளக்கு அணைகிறதோ, அங்கேதான் பழுது. ஆனால் பெட்டி வேலிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றது. வளைப்பவனுக்கு விளக்கு தெரியாது.

காலையெல்லாம் தனியே முட்டிமோதினான். மத்தியானம், தரை துடைத்துக்கொண்டு வந்த கனகத்தைக் கூப்பிட்டான். குன்றத்தூரிலிருந்து வேனில் வருகிறவள், இதுவரை பேசியதில்லை.

"அக்கா, ஒரு ஒத்தாச. இந்தப் பச்ச லைட்டு அணைஞ்சா மட்டும் சத்தம் குடுங்க. எதையும் தொட்றாதீக."

"ஷாக் கீக் அடிக்காதே?"

"தள்ளி நின்னா ஒண்ணும் ஆவாதுக்கா."

அவன் உள்ளே போய்க் கேபிளைப் பிடித்தான்.

"எரியுதாக்கா?"

"எரியுது. எந்த ஊருப்பா நீ?"

"தென்காசிப் பக்கம். இப்ப?"

"எரியுது. என் பொண்ணு தண்டலத்துல காலேஜ் படிக்கிறா. வூட்டுக்கு வந்தா பேசறதே இல்ல, எந்நேரமும் புக்குதான்."

"என்ன படிக்காக?"

"அதுவும் இந்த மாதிரி ஒயர் சமாச்சாரம்தான். தோ, அணைஞ்சிடுச்சுப்பா. வந்துடுச்சு. மறுபடி அணைஞ்சிடுச்சு."

முழங்கை மடிப்பு. விரலுக்கடியில் கேபிள் தொளதொளவென்று இருந்தது. இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. கையைச் சற்று மேலே நகர்த்தினான்.

"எரியுதாக்கா?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

மூன்றாம் தடவை கேட்டபோது கனகம் மாப் குச்சியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"அந்த மடக்குலதானே பழுது கீது?"

"ஆமாக்கா."

"அப்பறம் இன்னாத்துக்குக் கேட்டுகினே கீற?"

அவன் கேபிளையே பார்த்தான். "நேத்து சாயங்காலத்துலருந்து யார்ட்டயும் பேசலக்கா" என்றான்.

அவள் வாளியை அங்கேயே இழுத்துவந்து வைத்தாள். "சரி, நான் இப்படியே தொடைச்சிகினு கீறேன். நீ மாத்து" என்றாள்.

அவன் புதுக் கேபிளை இழுத்துக் கட்டி முடிக்கும்வரை, மகள், குன்றத்தூர் மலைப்படி, தண்ணி வராத குழாய் என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெளியே வேன் ஹார்ன் அடித்தது. "வரேம்பா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூட்டைத் திறந்து, வெளியே நின்று ரோபோவை ஓட்டினான். தகட்டைத் தூக்கியது, கையை மடக்கியது, நிற்காமல் கொண்டுபோய் வைத்தது. திரும்பத் திரும்ப ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"சரியாயிட்டு" என்றான், சத்தமாகவே. காலி ஷெட்டில் அவன் குரல் தகரக் கூரைவரை போனது. ஈரத் தரை காயும்வரை அங்கேயே நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினான்.