கயிறு பிடிக்கிறவள்

சங்கு குளிக்கப் போகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் மேலே வள்ளத்தில் இருந்து பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்கிற கணக்கு. முத்துக் குளித்த காலத்து வழக்கம் இது. இப்போது கம்ப்ரசர் வந்து ஓஸ் குழாய் வழியாகக் காற்று போகிறது, ஆனாலும் கீழிருந்து சுண்டினால் மேலே தூக்குகிற அந்தக் கயிற்றை விடவில்லை. கிளாடிஸ் அக்காவின் புருஷன் டிக்சன் அத்தானுக்கு நான்தான் கயிறு பிடித்தேன். அப்போது என் பேர் ஜாய்சன்.

இப்போது டெல்பின். போன சீசன் முடிந்ததும் மதுரைக்குப் போனேன். டாக்டர், மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் ஆகி, முடி காதை மூடிய பிறகுதான் ஊர் திரும்பினேன். அக்கா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்து உக்காருளா, தலையெல்லாம் சிக்கா கெடக்கு" என்று சீப்பை எடுத்தாள். ஆம்பளைக்குச் சொல்கிற 'லே' போய்ப் பொம்பளைக்குச் சொல்கிற 'ளா' வந்திருந்தது; அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். அத்தான் மட்டும் வந்த நாளிலிருந்து என் முகத்தையே பார்க்கவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

சங்கு சீசன் தொடங்கிய காலையில் சுடிதாரோடு திரேஸ்புரம் கரைக்குப் போனேன். கடல் தொழிலை விட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது. எவனோ முகம் சுளிப்பான் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. வள்ளத்துக்குச் சொந்தக்காரர் டெரன்ஸ் அண்ணாச்சி என்னைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏலே ஜாய்சா, என்ன வேசம் இது? பொம்பள ஏறுன வள்ளம் வெளங்குமாலே? முடிய வெட்டிட்டு, சட்டையப் போட்டுட்டு வா. உனக்காவ கொஞ்சம் நிக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் வள்ளத்து ஓரமாக மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெரிய உபகாரம் செய்வதாகவே அவருக்கு நினைப்பு.

"வெட்ட மாட்டேன் அண்ணாச்சி. வந்தா டெல்பினாத்தான் வருவேன்."

"அப்போ வேற ஆளு பிடிக்கட்டும். உசுரு சமாச்சாரம்லே. கிறுக்கு புடிச்ச பய கையில குடுக்க முடியுமா? நீ மாத்திரை திங்குதது எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவிடம்கூடச் சொல்லாததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"கேட்டுக்கிடுங்க. போன சீசன் முழுக்க ஜாய்சன்தான் பிடிச்சான். முடி ஒட்ட வெட்டியிருந்தான், சட்டை போட்டிருந்தான், உங்க யாருக்கும் ஒரு குறையும் தெரியல. அவன் தெனமும் தண்ணியப் பாத்து, இதுல விழுந்துட்டா என்னன்னு நெனச்சிக்கிட்டே இருந்தான். ஒருநா ஒரு கால வள்ளத்துக்கு வெளிய வச்சிட்டான். அந்நேரம் அத்தான் கீழ இருந்து கயித்தச் சுண்டுனதாலதான் கால உள்ள எடுத்தான். சாகணும்னு நின்னவன நம்பிக் குடுத்திய. உசுரோட இருக்கணும்னு மாத்திரை திங்குதவள நம்ப மாட்டியளோ?"

அத்தான் என்னை நோக்கி வந்தார். போன வருஷம் தன் உயிர் எந்தக் கையில் இருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

அவர் என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார். "இப்பவும் அப்படித் தோணுதா?"

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்தது. அத்தானிடம் பொய் சொல்ல மனசில்லை.

"எப்பவாது தோணும் அத்தான். ஜாய்சான்னு கூப்பிடுத அன்னைக்கு."

அத்தான் வள்ளத்திலிருந்து கயிற்றை உருவினார். ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் திணித்தார்.

"அண்ணாச்சி, நான் தண்ணிக்குள்ள கெடக்கையில எவனாவது இவள அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா, அறுக்குதது என் கயித்தையாக்கும். இவ வரலன்னா நானும் குளிக்கல."

டெரன்ஸ் அண்ணாச்சி கடலைப் பார்த்தார். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"சரி, ஏறச் சொல்லு" என்று அத்தானிடம் முனகினார்.

நான் அசையவில்லை. "யார?"

"அதான் சொல்லிட்டேம்லா. ஏறு."

"யார ஏறச் சொல்லுதிய அண்ணாச்சி?"

அவர் காது சிவந்துவிட்டது. என்னை முறைத்தார், அத்தானை முறைத்தார், கடைசியில் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏளா டெல்பின், ஏறித் தொலை!"

ஏறினேன்.