ஜாம் பாட்டிலில் வந்த ஆயில்

தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று என் கணவர் எல்லாரிடமும் கேட்டார். பெட்ரோல் பங்கில் கேட்டார், முடிவெட்டுகிறவரிடம் கேட்டார், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சிக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் வேலை பார்ப்பது இன்ஜின் ஆயில்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களுக்குப் பழமொழி உண்டு. வெண்ணெயே வாய்விட்டுச் சொல்லியும் கேட்காதவர்களுக்கு ஏனோ இல்லை.

கேட்காமலே ஒருமுறை சொன்னேன். சாப்பாட்டு மேசையில், காரிலிருந்து கழற்றி வந்த சின்னத்தை என் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கால இன்ஜின். வால்வத் திறக்கிற கேம் ஷாஃப்ட் நேரா உரசிக்கிட்டுதான் சுத்தும். அது தேயாம இருக்க துத்தநாகம் ஜாஸ்தியா சேத்த கெட்டி ஆயில் வேணும். லாரிக்கு ஊத்துறாங்களே, அந்த மாதிரி."

துடைப்பது நின்றது. மாப்பிள்ளைக்குக் கோணிப்பை உடுத்தச் சொன்னதுபோல் பார்த்தார்.

"ரேஸ் குதிரைக்கு யாராவது மாட்டுத் தீவனம் வெப்பாங்களா? நீ உன் பாட்டிலுங்களப் பாரு."

தோளில் தட்டியும் கொடுத்தார். அந்தத் தட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் அவர் நண்பர் சொன்னதை வாங்கினார். நண்பருக்குப் பட்டப்பெயர் டர்போ; ஓட்டுவது ஒரு நொண்டி ஸ்கூட்டர். வெள்ளி நிற டப்பா, மேலே பறக்கும் ரேஸ் கார், உள்ளே தண்ணீர்போல் மெல்லிய ஆயில். அந்த ஆயில்மீது எனக்குக் குறை இல்லை. இன்றைய இன்ஜின்களுக்கு அது அமிர்தம். இவர் அதை டப்பாவின் படத்துக்காக வாங்கினார்.

சில வாரங்களில் இன்ஜினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. "பாடுதுடா" என்றார் இவர். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் என்றார் டர்போ. கேம் தேய்கிற சத்தம் அது. தினமும் சமையலறை ஜன்னலருகே நின்று கேட்பேன். இனித்தது. ஒரு மனிதரை இகழ்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாதாட வேண்டாம், அழ வேண்டாம். இன்ஜின் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு சத்தம் பெரிதானது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் மலையேற்றப் போட்டி; இவரும் பெயர் கொடுத்திருந்தார். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, ஆய்வகத்தில் என் மேசைக்கு ஒரு ஜாம் பாட்டில் வந்தது.

சோதனைக்கென்று சுத்தமான குப்பிகளை நாங்களே தருகிறோம். ஜாம் பாட்டிலில் ஆயில் அனுப்ப ஒரு தனிப் பிறவி வேண்டும். மூடியில் ஒரு நசுங்கல் இருந்தது. திறக்க வராமல் வீட்டில் கரண்டிக் காம்பால் நான் அடித்த நசுங்கல். லேபிளில் டர்போவின் கையெழுத்து. 'நல்ல லேபா பாத்துக் குடுடா' என்று இவர் சொல்லியிருப்பார். டர்போ வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்.

வரிசைப்படி அதன் முறை திங்கட்கிழமைதான் வரும். விட்டுவிட்டால் ஞாயிறன்று மலைச்சாலையில், எல்லார் கண்ணெதிரே, அந்தக் குதிரை படுத்துவிடும். நான் பேசவே தேவையில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை ஆசைதீரப் பார்த்தேன். வளைவு, புகை, டர்போவின் வாய். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வளைவில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரும் இவர்தான். பாட்டிலை வரிசையின் முன்னால் வைத்தேன்.

ஆயிலில் இரும்பு ஏறிக் கிடந்தது. கேமின் இரும்பு. கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும் இருந்திருக்கும். அதை அளக்க எங்களிடம் கருவியில்லை. அறிக்கையில் இரண்டு வரிகள் எழுதினேன். கேமைத் திறந்து பார்க்கும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம். தேய்ந்ததை மாற்றியபின், துத்தநாகம் மிகுந்த, லாரிகளுக்கு ஊற்றும் ரக கெட்டி ஆயிலைப் பயன்படுத்தவும். கீழே என் பெயர் வராது. 'முதுநிலை ஆய்வாளர்' என்று மட்டும் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை அதை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"போட்டிக்குப் போகல. லேப்ல யாரோ பெரிய ஆளு போல. மனுஷன் ரெண்டே வரில சொல்லிட்டாரு. லாரி ஆயில்தானாம்." கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு நீகூட என்னவோ சொன்னியே, குருட்டாம்போக்குல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து என் சொல் ஒன்றை அவர் பத்திரப்படுத்தி நான் பார்த்தது அப்போதுதான். ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்காக என்மீதே எனக்கு இளக்காரம் வந்தது.

கைப்பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கழுவிட்டேன். ஆனா இனிமே இதுல ஜாம் போட முடியாது."

மூடியின் நசுங்கலைப் பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்தார், பிரித்தார், மறுபடி படித்தார். இரண்டு வரிகளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"இந்த ஆயில் எங்க கிடைக்கும்?" என்றார். என்னிடம் கேட்டாரா, பாட்டிலிடம் கேட்டாரா என்று தெரியவில்லை; பார்வை பாட்டில்மேல்தான் இருந்தது.

"லாரிக்காரங்களக் கேளுங்க" என்றேன்.