உள்ளே ஒரு வேலை

அன்று மாலை முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சாய்வு நாற்காலியில் பேராசிரியர். அவருக்கு வலப்பக்கம், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கை. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் எல்லோருக்கும் 'தலைமை'. ஜன்னலோரம் கடைசித் தம்பியான வக்கீல். உள்கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் பேராசிரியரின் மகள் பாப்பா. நாற்பது வயதைத் தாண்டியும் பாப்பாதான். வெளியாட்கள் இருவர். ஒருவர் பேராசிரியரிடம் படித்து, பின்னாளில் அவரையே எதிர்த்துப் பத்திரிகையில் எழுதிய டாக்டர். மற்றவர் காமிராவை மூன்று காலில் நிறுத்தியிருந்த செய்தியாளர். ஏழாவதாக ஒருவர் இருந்தார் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

பேராசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில், சிறு மேசைமேல், ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. வைக்கச் சொன்னது அவர்தான். மூடி போடக் கூடாது என்பதும் அவருடைய உத்தரவு. தண்ணீரின் மேல் தூசி படிந்திருந்தது. ஓர் எறும்பு கால்களை விரித்துக்கொண்டு மிதந்தது.

சிறுநீரகத்தைப் பற்றி ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர் அவர். அவருடைய பாடப்புத்தகத்தைப் புரட்டாமல் அந்தத் தலைமுறையில் ஒருவரும் டாக்டர் ஆகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு பாராட்டு விழாவில், மேடையில் வைத்த தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, "தாகம் என்பது ஒரு பழக்கம். உடம்புக்கு வேண்டிய நீர் சாப்பாட்டிலேயே இருக்கிறது" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று கூட்டம் கைதட்டியது. அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. முடிதிருத்தும் கடையில் பேச்சு முற்றி, பாதி முகத்தில் சோப்போடு எழுந்து போனவர்கள் உண்டு. ஒரு சாராருக்கு அவர் ஞானி, இன்னொரு சாராருக்குக் கிறுக்கு. தலைமை இரண்டு சாராரையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்: கேட்டுக்கு வெளியே.

பிறகு ஒரு மரச்சாமான் கடைக்காரர் விஷயம் வந்தது. பேராசிரியரின் பேச்சை நம்பி, படுத்த படுக்கையாக இருந்த தன் அப்பாவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போனார் அவர். கிழவர் செத்துப்போனார். "அவர் முறையாகக் கடைப்பிடிக்கவில்லை" என்றார் பேராசிரியர். டாக்டர் பத்திரிகையில் எழுதத் தொடங்கியது அன்றிலிருந்துதான். பேராசிரியரும் விடவில்லை. "எழுத்தெல்லாம் எதற்கு? நானே உட்கார்ந்து காட்டுகிறேன்" என்று அறிவித்துவிட்டார். உலர்ந்த சாப்பாடு மட்டும். சொட்டுத் தண்ணீர் கிடையாது. சொந்த வீட்டு முன்னறையில், காமிராவின் கண்ணெதிரே. பல்கலைக்கழக மண்டபத்தில் கூட்டம் நடக்கும் காலை வரைக்கும். சில நாட்கள் ஓடிவிட்டன; அந்தக் காலை மறுநாள் வரவிருந்தது.

வக்கீல் தம்பிதான் நிபந்தனைகளைப் பேசி முடித்தார். டாக்டர் வந்து நாடி பார்க்கலாம். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை பேராசிரியருக்கும் குடும்பத்துக்கும் மட்டும்தான். முன்னறையை ஒட்டிய கழிவறையின் குழாயை டாக்டரே தன் கையால் இறுக மூடினார். அந்தக் கழிவறைக் கதவைப் பேராசிரியர் கடைசியாகத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. டாக்டர் அதைக் கவனித்திருந்தார். வீட்டுக்குள் போகும் கதவைத் தலைமை சாத்தினார். "உள்ளேயிருந்து ஒரு சொட்டு வந்துதுன்னு எவன் நாக்கும் புரளக் கூடாது" என்றார்.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவர்களுடைய அப்பா வைத்தது. வெளியாள் முன்னால் வீட்டார் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசக் கூடாது. சொன்னது அபத்தமாகவே இருந்தாலும் 'ஆமாம்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி எதையாவது ஒப்புக்கொண்டவருக்கு ஒரே வழி, "உள்ளே ஒரு வேலை இருக்கு" என்று எழுந்திருப்பது. மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். உள்ளே பூனை மாதிரிச் சண்டை போட்டுக்கொள்ளலாம். வெளியே வரும்போது ஒரே வாய், 'வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.' பழி வீட்டோடு போகும், ஆள்மேல் விழாது. வக்கீல் இளவட்டமாக இருந்தபோது ஒரு சிநேகிதனின் தேனிலவுக்கு வீட்டுக் காரைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு வேலை பார்த்துவிட்டு வந்து, எஞ்சின் படுத்துவிட்டது என்றார். அந்த நேரம் பார்த்து டிரைவர் காரை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அப்போதுகூட வீட்டார் ஒருவர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் குனிந்து பேராசிரியரின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு, இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே நின்றது.

"சார், நாக்கை நீட்டுங்க."

"எனக்கே பாடமா?" பேராசிரியரின் குரலில் மரத்தை மரத்தோடு தேய்க்கிற சத்தம் இருந்தது.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். மெஷினை நம்பாதே, தோலைக் கிள்ளிப் பாருன்னு."

"உனக்கு எத்தனை மார்க் போட்டேன்?"

"வகுப்பிலயே முதல் மார்க்."

"திருத்தும்போது கண்ணாடி போடல போலிருக்கு."

வக்கீல் சிரித்தார். செய்தியாளரும் சிரித்துவிட்டு, "நாளைக்குக் காலைல மண்டபத்துக்கு நடந்தே வருவீங்களா சார்?" என்று கேட்டார்.

பேராசிரியர் உதட்டைப் பிரிக்கச் சற்று நேரம் பிடித்தது. "நடந்தே."

"அத்தை" என்றாள் பாப்பா மெதுவாக.

தலைமை அவளைப் பார்த்தார். பள்ளியில் ஒரு கூடம் முழுவதையும் அடக்கிய பார்வை அது. பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஈ டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்து, சுற்றி வந்து, பேராசிரியரின் உதட்டுக்குப் போனது. அவர் அதை விரட்டவில்லை.

"தலைமை" என்றார் அவர். "உள்ளே ஒரு வேலை இருக்கு."

வக்கீல் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். பாப்பாவின் கை உள்கதவின் பிடிக்குப் போனது. அவர் கேட்டது எதுவென்று வீட்டார் நால்வருக்கும் தெரியும். வெளியாட்கள் இருவருக்கும் தெரியாது.

தலைமைக்குக் காமிராவின் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அண்ணன் இப்போது அந்தக் கதவைத் தாண்டினால், காலையில் ஊர் முழுக்கப் பேச்சு: குடித்துவிட்டார். அதோடு போகுமா? தண்ணீர் வேண்டும் என்று இவரே ஒப்புக்கொண்டால் அந்த மரச்சாமான் கடைக் கிழவரைக் கொன்றது யார்? இந்த வீடு. அப்பா பெயர் போட்ட இந்த வீடு. ஓர் இரவுதானே. விடிந்தால் மண்டபம், மாலை, மரியாதை. அதற்குப் பிறகு குடம் குடமாகக் குடிக்கட்டும்.

"என்ன வேலையா இருந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம் அண்ணா" என்றார். "உள்ளே எல்லாம் முடிஞ்சுது."

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பதில் அதுவரை வந்ததில்லை. பேராசிரியர் தங்கையை நீண்ட நேரம் பார்த்தார். அவர் மறுக்கலாம். ஆனால் வெளியாட்கள் இருந்தார்கள்.

"ஆமா" என்றார். "முடிஞ்சுது."

வக்கீல் உட்கார்ந்தார். பாப்பாவின் கை கதவுப் பிடியிலிருந்து இறங்கியது.

டாக்டருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். தலைமையின் பக்கம் திரும்பி, "அம்மா, நான் நிறுத்த முடியாது, நீங்க சொன்னா முடியும். ஆம்புலன்ஸ் தெருமுனையிலதான் நிக்குது. ஒரு வார்த்தை போதும்" என்றார்.

"எங்க அண்ணன் பேச்சு மாறுறவர் இல்ல."

டாக்டர் பாப்பாவைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தபோது பேராசிரியர் பேசத் தொடங்கினார். முதலில் யாருக்கும் புரியவில்லை. டாக்டருக்குத்தான் புரிந்தது. முதல் வருடத்தின் முதல் வகுப்பு அது. எதிரே பெஞ்சுகள் இருப்பதுபோல் பேராசிரியரின் கண்கள் வரிசையாக நகர்ந்தன.

"சிறுநீரகம் பொறுமைசாலி. எவ்வளவு கஷ்டப்படுத்தினாலும் முனகாது. வெளியே காட்டிக்காது. கடைசி வரைக்கும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லும். அதனால…"

அங்கே நின்றுவிட்டார். கண்கள் பெஞ்சுகளில் யாரையோ தேடின. "அதனால?" என்றார் மறுபடி, கேள்வி கேட்கிற குரலில்.

"அதனால அது சொல்றதை நம்பக் கூடாது சார்" என்றார் டாக்டர். அவர் எழுந்து நின்றிருந்தார், மாணவன் எழுந்து நிற்பதைப் போல.

பேராசிரியரின் தலை சாய்ந்தது. அதற்கு மேல் டாக்டர் யாரையும் கேட்கவில்லை, நிபந்தனையும் பார்க்கவில்லை. ஆளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பாப்பா பின்னாலேயே ஓடினாள். செய்தியாளர் காமிராவைத் திருப்பினார். தலைமை எழுந்து, அதன் கண்ணில் தன் கையை வைத்து மறைத்தார்.

மண்டபத்துக்கு மறுநாள் இரண்டு சாராரும் வந்தார்கள். பேராசிரியர் விடியும் முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கேதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு சாரார், கடைசிவரை ஒரு சொட்டும் கேட்காத மகான் என்று எழுந்து நின்றார்கள். மறு சாரார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தலைமை முதல் வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் கேட்காதவர் என்றபோது மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

அதிலிருந்து ஊரில் பலதும் பேசுகிறார்கள். சொத்துக்காகத்தான் பாப்பா அத்தையோடு பேசுவதில்லை என்கிறார்கள். பேசுவதில்லை என்பது உண்மை. சொத்து என்பது பொய். உள்கதவைத் தலைமை பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. அது சாத்தியிருந்தது.